கோபத்தின் ஒத்திகை

“என் ஒத்துருவ நான் பாக்கணும். அத வச்சு என்ன பண்ணுனீங்க, எல்லாத்தையும் காட்டுங்க.”

சொல்லிவிட்டு மாரீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலையில் சேர்ந்த முதல் நாளே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். விடுப்புக் கேட்கலாம், சம்பள உயர்வு கேட்கலாம், மேலாளரை மாற்றச் சொல்லிக்கூடக் கேட்கலாம். ஒத்துருவைக் காட்டு என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டவர்கள் யாரும் அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்ததில்லையாம்.

மனிதவளத் துறைத் தலைவி ஹெலன் பதறவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

“யாசின் சொன்னானுங்களா?”

பக்கத்து இருக்கை யாசின்தான் சொன்னான். காலையில் லிஃப்டில் ஏறியதும், “அக்கா, நேத்து கண்ணாடி ரூம்ல அந்த அழு அழுதீங்களே, இப்ப பரவால்லயா?” என்று கேட்டான். நேற்று மாரீஸ்வரி அலுவலகத்துக்கே வரவில்லை. வீட்டில் நைட்டியோடு உட்கார்ந்து வேலை பார்த்தாள். அழுதது அவளில்லை.

அந்தக் கம்பெனியில் வாரத்துக்கு இரண்டு நாள் அலுவலகம், மூன்று நாள் வீடு. இருக்கைகள் காலியாகக் கிடந்தால் ஆட்களுக்குள் ஒட்டுதல் போய்விடுகிறது, ஒட்டுதல் போனால் ஆளும் போய்விடுகிறார் என்று எவரோ கண்டுபிடித்த பிறகு வந்தவைதான் ஒத்துருக்கள். வீட்டில் இருக்கும் நாளில் உங்கள் மேசை விளிம்பிலுள்ள ஒளிவீசி விழித்துக்கொள்ளும். உங்கள் உயரத்தில், உங்கள் குரலில், ஒளியாலான ஓர் ஆள் உங்கள் நாற்காலியில் உட்காரும். மாரீஸ்வரியின் ஒத்துரு அவளுடைய மின்னஞ்சலையும் போன் பேச்சையும், கோபம் வந்தால் மூக்கைத் தேய்க்கும் பழக்கத்தையும் நான்கு வருடமாகத் தின்று வளர்ந்தது. தினமும் மாலை நடக்கும் ‘நாலு மணி வட்ட’த்தில் எல்லோரும் டீயோடு நின்று மனதில் பட்டதைப் பேச வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அவள் இல்லாத நாளில் அவளுக்காக நின்று அது திட்டும். நன்றாகவே திட்டும் என்று கேள்வி.

ஹெலன் மறுபேச்சில்லாமல் திரையை அவள் பக்கம் திருப்பினார். இவ்வளவு சுலபமாகக் காட்டிவிட்டார்களே என்று மாரீஸ்வரிக்கு ஒரு கணம் உறுத்தியது. கோபத்தில் அதைத் தள்ளிவிட்டாள்.

திரையில் நவநீதன் நின்றான். அவளுடைய மேலாளர். எதிரே அவள்.

“முதல்ல இங்கிலீஷ்ல ஒரு பத்தி ஒழுங்கா எழுதுங்க மாரீஸ்வரி. அப்புறமா கோபப்படலாம்.”

போன வருடம் அவன் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அவள் கையில் வேறு கம்பெனியின் வேலை உத்தரவு இருந்தது. போயிருப்பாள். போகவிடாமல் பண்ணியது நவநீதன் கேட்ட மன்னிப்பு.

“இது நடந்ததுதானே. எனக்கே காட்டுறீங்க?”

“நடந்ததில்லீங்க. ஒத்திகைப்பொறி. நெசமாப் பேசறதுக்கு முன்னாடி ஒத்துருகிட்டப் பேசிப் பாக்கறது. இன்னும் பாருங்க.”

திரையிலிருந்த நவநீதன் கையைப் பிசைந்தான். “மனசு புண்பட்டிருந்தா ஸாரி.”

“பட்டிருந்தாவா? போய் வேலையப் பாருங்க சார்,” என்றது ஒத்துரு.

திரை மங்கி மறுபடி தெளிந்தது. நவநீதன் முதலிலிருந்து ஆரம்பித்தான். இங்கிலீஷ், பத்தி, கோபம். ஒத்துருவின் முகம் புதிதாக அடிவாங்கியதுபோல் சுருங்கியது. இந்த முறை அவன் பதவி உயர்வு என்றான். “வாயடைக்கவா?” என்றது அது. மறுபடி மங்கல். மறுபடி இங்கிலீஷ்.

“ஏன் திரும்பத் திரும்ப அதையே சொல்றான்?”

“மன்னிப்ப ஓட்டிப் பாக்கணும்னா முதல்ல காயம் இருக்கணுமல்லங்க.” ஹெலன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒவ்வொரு தடவையும் அதுக்கு அது முதல் தடவைதான்.”

மாரீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டினாள், கத்தினாள், ஒருமுறை தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தாள். எல்லாம் திரைக்குள். கடைசியில் நவநீதன் குரலைத் தாழ்த்தினான்.

“எங்கம்மா என்னைக் கார்ல கொண்டாந்து ஸ்கூல்ல விட்டாங்க. உங்கம்மா தீக்குச்சி அடுக்குன கையால உங்களக் காலேஜ் வரைக்கும் தள்ளிட்டு வந்திருக்காங்க. அந்தக் கை எவ்வளவு பெருசுன்னு எனக்குப் புரியல. மன்னிச்சிருங்க.”

ஒத்துரு மூக்கைத் தேய்த்தது. பிறகு அழுதது. ஓரத்தில் பச்சை எழுத்தில் ‘தங்குவார்’ என்று வந்தது.

இதே சொற்களைத்தான் நாலு மணி வட்டத்தில், நாற்பது பேர் முன்னால் அவன் சொன்னான். வேலை உத்தரவைக் கிழித்துப்போட்டுவிட்டு அன்றிரவு சாத்தூருக்குப் போன் போட்டு, “யம்மா, இங்க மனுசங்க இருக்காங்க” என்று அவள் சொன்னாள். அம்மாவின் கை தீப்பெட்டி ஆபீஸ் கை என்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவே இல்லை.

“அம்மாவக் கார் வச்சு இங்க கூட்டிட்டு வந்தீங்களே? என் சீட்ல உக்கார வச்சு போட்டோ எடுத்தீங்களே?”

ஹெலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அதுவுமா?”

“அது முதல் தடவையே பச்சை வந்துருச்சுங்க.”

மாரீஸ்வரி எழுந்தாள். “அழிங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி.”

“முடியாதுங்க. நீங்க போனாலும் அது இங்கதான். ஒப்பந்தத்துல இருக்குது.”

“என்னத்துக்குங்க மேடம் அது உங்களுக்கு? திட்டத்தானே செய்யுது?”

“அதுக்குத்தானுங்க. புதுசா வர்ற பசங்க எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுங்களா? இங்க எதையும் தைரியமாப் பேசலாம்னு. ஏன் சொல்றாங்க? நீங்க பேசறீங்க, கேக்கறாங்க. அவிங்க மனசு ஆறிடுது. நீங்க திட்டுற டீ மட்டும் நாலு வருசமா மாறவே இல்ல, பாத்தீங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, திரையை விரலால் கீழே தள்ளினாள். ஒத்திகைகள் வரிசையாக ஓடின. கடைசியில் இருந்ததைத் தொட்டாள்.

இதே அறை. இதே மேசை. ஹெலன் கண்ணாடியைத் துடைக்கிறார். “என் ஒத்துருவ நான் பாக்கணும்” என்கிறது ஒத்துரு. பார்க்கிறது. அழுகிறது. அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு லிஃப்டை நோக்கி நடக்கிறது. பச்சை எழுத்து: ‘தானே விலகுவார்.’

மாரீஸ்வரியின் கை அட்டைக் கயிற்றில் இருந்தது. கீழே இறக்கினாள்.

“நேத்து இதைத்தான் ஓட்டுனீங்களா?”

“ஆமாங்க. பொறிக்குள்ளயே ஓட்டியிருக்கலாம். கண்ணாடி ரூம்ல ஓட்டச் சொன்னாங்க.”

“யாசின் பாக்கணும். பாத்துட்டு எங்கிட்டச் சொல்லணும். அதுக்குத்தானே?”

ஹெலன் தலையசைத்தார். “உங்க வேலை முழுசும் அதுக்கு வந்துருச்சுங்க. ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. நாங்களா அனுப்பினா, மாரீஸ்வரியவே அனுப்பிட்டாங்கன்னு இங்க பண்பாடு கெட்டுப்போகும். நீங்களா போகணும்.”

“போகமாட்டேன். இங்கயே உக்காந்திருப்பேன். என்ன பண்ணுவீங்க?”

ஹெலன் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். “அதையும் ஓட்டிப் பாத்தாங்க கண்ணு. வேண்டாம். உடம்பு கெட்டு, தூக்கம் போயி, அப்புறமும் நீயாத்தான் போற. என்னால அத முழுசாப் பாக்க முடியல.”

அந்தக் ‘கண்ணு’ பொய்யில்லை என்று மாரீஸ்வரிக்குத் தோன்றியது. உடனே, அதையும் எந்த ஒத்திகையில் கண்டுபிடித்தார்களோ என்றும் தோன்றியது. இனி யார் எந்த நல்ல வார்த்தை சொன்னாலும் இப்படித்தான் தோன்றும். நம்புகிற மனசைத்தான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

“உங்க ஒத்துருவ நீங்க கேட்டுப் பாத்திருக்கீங்களா மேடம்?”

“கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல,” என்றார் ஹெலன். கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

போவதென்று எப்போது முடிவு செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முடிவு மட்டும் இருந்தது. அட்டையைக் கழற்றவில்லை. கண்ணில் பொங்கியதை அழுகையாக விடவில்லை. அது செய்த எதையும் தான் செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நாலு மணி வட்டம் கூடியிருந்தது. இன்றைக்கு அவள் அலுவலகம் வரும் நாள். அவளுடைய ஒளிவீசி அணைந்திருக்க வேண்டும். ஆனால் ஒத்துரு எழுந்து, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தது.

“இத டீன்னு சொன்னா மாடு கேஸ் போடும் சார்!”

எல்லோரும் சிரித்தார்கள். நவநீதனும் சிரித்தான். யாசின் கைதட்டினான். அவன் பார்வை மாரீஸ்வரி பக்கம் ஒரு கணம் திரும்பி, குழம்பி, மறுபடி அங்கேயே போனது. அங்கே இருந்தவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

இவள் வாயைத் திறந்தாள். கத்துவதற்கு இருந்த எல்லாவற்றையும் அது ஏற்கனவே கத்திக்கொண்டிருந்தது.

லிஃப்ட் திறந்தே காத்திருந்தது. ஒத்திகையில் ஒத்துரு லிஃப்டில்தான் போயிற்று. மாரீஸ்வரி திரும்பிப் படிக்கட்டுக் கதவைத் தள்ளினாள். ஆறு மாடி. யாரும் பயன்படுத்தாத படிகளில் தூசி படிந்திருந்தது. செருப்பு வழுக்க வழுக்க, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஓடியே இறங்கினாள். நாலாவது மாடி தாண்டும்போது, காலையிலிருந்து முதன்முறையாக, இந்த ஓட்டம் தன்னுடையது என்று ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது.

கீழே, படி முடியும் இடத்தில், காவலாளி பெருமாள்சாமி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்தார். அவர் காலடியில் அவளுடைய பை. டிபன் பாக்ஸைக் கழுவி, குடையை மடித்து, மேசை இழுப்பறையில் கிடந்த சீப்பு வரைக்கும் எடுத்துவைத்து, ஜிப் போட்டு மூடியிருந்தார்கள்.

“மத்தியானமே, நீங்க மேடத்தப் பாக்கப் போனதுமே கொண்டாந்து குடுத்தாங்க அம்மிணி. லிஃப்ட்ல வரமாட்டீங்க, படியிலதான் எறங்குவீங்க, இங்கயே உக்காருன்னு சொன்னாங்க.”

அவர் கையை நீட்டினார். மாரீஸ்வரி அட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.