ஆடு கடிக்காத பொடுதலை

அன்று விடியலில் காம்பவுண்டுக்குள் இருந்தவர்கள் நாலு பேர். பங்களாவில் இன்ஜினியர் சுப்பராயலு, அவர் மனைவி. பின்புறத்து ஓட்டு அறையில் தோட்டக்காரன் தேவநாதன், அவன் மனைவி ராஜாமணி. வெளிக்கேட்டில் பூட்டு தொங்கியது. ஆனால் முன்புறத் தரையில் ஆள் படுத்து எழுந்த தடம் ஐந்து.

மஞ்சக்குப்பம் முழுக்க மார்கழிப் பனி இறங்கி, தரையில் படர்ந்த பொடுதலை இலையெல்லாம் நனைந்து மின்ன, அந்த ஐந்து இடத்தில் மட்டும் கொடி தலைமுதல் கால்வரை அமுங்கி, ஒரு சொட்டுப் பனியில்லாமல் கிடந்தது. தேவநாதன் குனிந்து தொட்டான். சில்லிட்டது. உப்பங்கழிச் சேற்று வாடை விரலில் ஒட்டிக்கொண்டது.

போன மாதப் புயலில் கடல் ஏறி வந்து அருகம்புல்லைக் கருக்கிவிட்டது. பொங்கலுக்கு மேலதிகாரிகள் விருந்துக்கு வருகிறார்கள்; அதற்குள் தரை பச்சையாகாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சுப்பராயலு சொல்லிவிட்டார். ராஜாமணிக்கு ஏழாம் மாதம். ஊரில் இருந்த குடிசை புயலோடு போயிற்று. வேறு போக்கிடம் கிடையாது.

வல்லாரை நாள்தோறும் தண்ணீர் கேட்கும். அடப்பங்கொடி உப்பைத் தாங்கும், மிதித்தால் நசுங்கும். பொடுதலைதான் சரி. உப்பு, வெயில், செருப்பு எதற்கும் அசையாது. கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். சிதம்பரம்வரை பஸ்ஸில் போய், பிச்சாவரத்தில் படகோட்டும் மச்சான் பக்கிரியைக் கூட்டிக்கொண்டு கழியோரம் தேடினான். எங்கும் சேறு. ஒரு மேட்டில் மட்டும் பாய் விரித்தாற்போல் பச்சை.

"அது வேணாம் மாமா. ஆடுகூட அதுல வாய் வெக்காது."

"ஆடு வாய் வெக்காததுதான்டா எனக்கு வேணும். இன்ஜினியரம்மா ரெண்டு ஆடு வளக்குது."

"புயல்ல செத்து ஒதுங்கனவங்கள அங்கதான் போட்டு மூடுனோம்."

"அப்ப உரம் ஜாஸ்தி." சிரித்துக்கொண்டேதான் வெட்டினான். மூன்று சாக்கு.

பத்தே நாளில் தரை மூடியது. சுப்பராயலு செருப்போடு குதித்துப் பார்த்தார். "மிதிச்சாலும் சாவ மாட்டங்குதேய்யா! பொழச்ச போ, அறை உனக்குத்தான்."

அது நேற்று. இன்று ஐந்து தடம்.

மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பதினான்கு. பங்களாவின் பக்கவாட்டில் நகர்ந்து வந்திருந்தன. எல்லாத் தலையும் ஓட்டு அறையைப் பார்த்து. ஒரு தடம் முழங்கை நீளம்தான்.

"வெளிய யாரு மாமா பேசுறது?" என்றாள் ராஜாமணி. "நம்ம ஊரு ஆளுங்க பேச்சு மாதிரி கேக்குது."

"காத்து."

"காத்து எம்பேரச் சொல்லுமா?"

அவன் வெளியே வந்தான். மண்வெட்டியை எடுத்தான். கொத்தினால் பச்சை போகும். பச்சை போனால் அறை போகும். கொத்தினான். வெயில் ஏற ஏறக் கொத்தினான். உள்ளங்கை கிழிந்தது. ஒரு பாத்தியை முடித்துத் திரும்பினால் முதல் பாத்தி மூடியிருந்தது. வேர்கள் கீழே இறங்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம் ஓடியிருந்தன. அறைப் பக்கம்.

விளக்கு வைக்கிற நேரம் மழை பிடித்தது. தரையிலிருந்து பெருமூச்சுபோல ஒரு சத்தம். அமுங்கிக் கிடந்த கொடியெல்லாம் நிமிர்ந்தது. பதினான்கு இடத்திலும். பிறகு சற்றுத் தள்ளி இலைகள் அமுங்கின. ஒரு காலடி. அடுத்த அடி. ஆள் இல்லை. அடி மட்டும்.

அறையை நோக்கி ஓடினான். கொடி கணுக்காலைப் பிடித்தது. விழுந்தான். இழுத்தான். அறவில்லை.

"ராஜாமணி! தொறக்காத!"

கதவு திறந்தது. அவள் வாசலில் நின்றாள். முகத்தில் அப்படி ஓர் இரக்கம். அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

"அய்யோ, இப்பிடி நனஞ்சிட்டீங்களே. ஊடு போயிடிச்சா? எங்களுதும் போயிடிச்சி. உள்ள வாங்க. கொழந்தையத் தூக்கிக்கிட்டு வாங்க."

விலகி வழி விட்டாள். வாசற்படியில் ஈரம். இன்னும் ஈரம். பதினான்குவரை எண்ணினான். காற்றில் அணையாமல் இருக்க, அவள் இரண்டு கையாலும் விளக்கைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

அவளும் உள்ளே போக, பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.