வரியனின் வாய்க்கட்டு

வெள்ளாற்றின் மேற்கே கதிரவன் மூழ்கிச் சற்று நேரமே ஆகியிருந்தது. கிழக்கே எழுந்த முழுநிலா நாணற்காட்டின் மேல் பாலைத் தெளித்து, ஆற்றின் நடுவே வெள்ளித் தகடு விரித்து, தென்கரையில் முற்றுகையிட்டிருந்த பகைவரின் கூடாரங்களையும், வடகரையில் நிமிர்ந்து நின்ற செங்கழனிக் கோட்டையின் மதிலையும் ஒரே பரிவோடு தழுவிக்கொண்டிருந்தது. நிலவுக்கு என்ன, அதற்குப் பகை உண்டா, உறவு உண்டா!

வாசகர்களே, அந்த மதிலின் உட்புறத்தில் மண்டிக்கிடக்கும் தாழம்புதரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதன் பின்னே, ஆள் குனிந்து நுழையும் அளவில் ஒரு நீர்வாயில் ஒளிந்திருக்கிறது. கோட்டைக்குள் அடைபட்ட அத்தனை வயிறுகளுக்கும் இருட்டில் படகேறி நெல் வந்து சேரும் வழி அது ஒன்றுதான். வீரர்களை நிறுத்தினால் இடம் தெரிந்துபோகும் என்று காவலுக்கு ஒரு நாயை மட்டும் விட்டிருந்தார்கள். யார் எறிந்த இறைச்சியையும் முகர்ந்துகூடப் பாராத அந்த நாய்க்கு வரியன் என்று பெயர்.

அந்த வரியன்தான் இப்போது விலாவில் ரத்தம் வழிய, புதரோரத்தில் காரி நங்கையின் மடியருகே கிடந்தது. கோட்டை நாய்களுக்கும் களஞ்சியத்துப் பூனைகளுக்கும் புண் கட்டுகிறவள் அவள். எதிரே முழந்தாளிட்டிருந்தவன் எயினன். உப்பு மூட்டைகளோடு உள்ளே வந்து, முற்றுகை தொடங்கியதும் மாட்டிக்கொண்ட வணிகன்.

"மூங்கில் முளைமேல் பாய்ந்து கிழித்துக்கொண்டது, அம்மணி. என் கண்ணாலேயே பார்த்தேன்" என்றான்.

நங்கை புண்ணின் வாயை மெல்ல விரித்துப் பார்த்தாள். மூங்கில் கிழித்திருந்தால் சதை பிய்ந்திருக்கும், சிராய் ஏறியிருக்கும். இதுவோ வெள்ளரிப் பிஞ்சை அரிந்தாற்போல் நேராக இருந்தது. கத்தி! கேட்டுவிட வேண்டும் என்றுதான் தலை நிமிர்ந்தாள். நிமிர்ந்த இடத்தில் அவன் கண்கள் இருந்தன. கேட்காமலே கட்டுத்துணியைக் கையில் எடுத்தாள்.

வரியன் அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது.

"என்மேல் இதற்கு என்ன கோபமோ?"

"வலி. வலி வந்தால் யாரென்று பாராது" என்று அவனுக்காக அவளே ஒரு பதிலைச் சொல்லிக்கொடுத்தாள்.

துணியைக் கிழித்து நாயின் வாயைச் சுற்றி, காதுக்குப் பின்னால் முடிந்தாள். எயினன் கால்களைப் பிடித்துக்கொள்ள, வேப்பிலை கொதித்த வெந்நீரால் புண்ணைக் கழுவி, ஒட்டிய மயிரை ஒவ்வொன்றாக விலக்கி, நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சளை அப்பி, வயிற்றைச் சுற்றி வரிந்து கட்டினாள்.

மதில்மேல் நின்ற வீரன் எட்டிப் பார்த்தான். "கொடுத்து வைத்த பிறவி! அடுத்த பிறப்பில் நானும் நாயாய்ப் பிறக்க வேண்டும்."

"இந்தப் பிறப்பில் மட்டும் என்னவாம்?" என்றாள் நங்கை. எயினன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

வாய்க்கட்டை அவிழ்க்கக் கை நீட்டினாள். அவன் கை அவள் கைமேல் படிந்தது.

"விலாக்கட்டை நக்கியே அவிழ்த்துவிடுமே! மருந்து ஊறட்டும். மஞ்சளைக் கழுவிவிட்டு வாருங்கள், நிலவில் சற்றுப் பேசியிருப்போம்."

மருந்து வைத்த மறுகணமே வாய்க்கட்டை அவிழ்த்தாக வேண்டும். நாக்கை நீட்டி இரைக்காவிட்டால் நாய்க்கு உடல் சூடு தணியாது. இது தெரியாதவளா அவள்? தெரிந்தும் எழுந்து போனாள். கை கழுவினாள். கழுவியதோடு நில்லாமல் கூந்தலையும் வாரி, ஒரு முல்லைச் சரத்தை எடுத்துச் சூடிக்கொண்டிருந்தாள்.

அப்போது வரியன் குரைத்தது.

கட்டிய வாய் எப்படிக் குரைக்கும்? விழுந்தடித்து ஓடினாள். புதர் விலகிக் கிடந்தது. நீர்வாயில் திறந்து கிடந்தது. படிமேல் நின்ற வரியன் இரைப்பும் குரைப்புமாகத் துடித்துக்கொண்டிருந்தது. வாய்த்துணி முடிச்சு அவிழ்ந்து அதன் காலடியில் கிடந்தது. எயினனோ மார்பளவு நீரில் நாணலுக்கிடையே நின்றான்.

"நங்கை, நான் உப்பு விற்பவன் அல்லேன். தென்கரைப் பாசறையின் தலைவன் என் தமையன். அந்தக் காயம் என் கத்தியால் ஆனது."

"தெரியும்" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போதே அவள் உடல் கூசிற்று. "பின்னே ஏன் அவிழ்த்தீர்?"

"வாயிலைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன், நாய் குரைக்க முடியாமல் மூச்சு முட்டிச் சுருண்டு விழுந்தது. நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. வெட்டியதே போதும். கொன்றுவிட்டும் போக..."

மதிலிலிருந்து வந்த அம்பு அவன் தோளை உரசி நீரில் பாய்ந்தது. அவன் மூழ்கினான். வெகுதொலைவில், நிலவொளியின் நடுவே, ஒரு தலை எழுந்து தென்கரை நோக்கி நகர்ந்தது. அடுத்த அம்பு எட்டவில்லை.

பந்தங்களோடு கோட்டைத் தலைவர் ஆதன் வேளார் வந்து சேர்ந்தார். திறந்த வாயிலையும் கிடந்த துணியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நாயின் வாயைக் கட்டியவன் அந்தக் கள்ளன்தானே?"

நங்கை தலையசைத்திருந்தால் போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"நான் கட்டினேன், ஐயா. கத்திக்காயம் என்று தெரிந்தது, கேட்கவில்லை. அவிழ்க்க வேண்டும் என்று தெரிந்தது, அவிழ்க்கவில்லை. பூ வைத்துக்கொள்ளப் போனேன்."

மேலே கேலி பேசிய வீரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கல் கொண்டுவாருங்கள். விடிவதற்குள் வாயிலை அடைத்துவிட வேண்டும்" என்றார் வேளார்.

"நெல்லுக்கு?" என்றது ஒரு குரல்.

"இருக்கும் வரைக்கும்."

நங்கை முல்லைச் சரத்தைப் பிய்த்து ஆற்றில் எறிந்தாள். "முற்றுகை தீரும்வரை நான் பூச்சூடேன், ஐயா. என் பங்குச் சோற்றில் பாதி பிள்ளைகளுக்குப் போகட்டும். இந்தப் படியில் இனி நானே காவல் இருப்பேன். இது என் சபதம்!"

"நாய் தன் காவலைச் செய்துவிட்டது, அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேளார் நடந்தார்.

கல் உருளும் ஓசைக்கு நடுவே அவள் வரியன் அருகில் உட்கார்ந்தாள். ஆவேசத்தில் விலாக்கட்டு நெகிழ்ந்து ரத்தம் கசிந்தது; மறுபடி கட்டியாக வேண்டும். வாய்த்துணி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தும் அவள் அதைத் தொடவில்லை. திறந்த வாய்க்கு நேரே தன் மணிக்கட்டை வைத்துக்கொண்டு, கடிக்கட்டும் என்றே புண்ணை அழுத்திக் கட்டினாள்.

வரியன் வலியில் நடுங்கியது. பிறகு மஞ்சள் மணம் போகாத அவள் உள்ளங்கையை நக்கிக்கொடுத்தது.

இதற்குக் கடித்தே இருக்கலாம் என்று தோன்றிற்று அவளுக்கு.