ஊதாவுக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பாலம்

“அங்க நிக்காதீங்க... அது பூரா பாசி.”

குரல் வந்த அதே நொடியில் அவள் கால் வழுக்கியது. பிடித்துக்கொள்ள எதுவுமில்லை... காற்றைப் பிடிக்கப் போனாள். காற்றுக்குப் பதில் ஒரு கை கிடைத்தது.

நடைபாலத்துக்கு அடியில், ஆற்றில் இறங்கும் படிக்கட்டில், மாலை மழையில் ஒரு பெண் தனியாக நின்று தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் கத்த மாட்டார்கள்? அது அவளுக்கும் புரியத்தான் செய்தது. ஆனாலும் கோபம் வந்தது. விழப் போனவர்களுக்கு நன்றி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

“நீங்க கத்தினதாலதான் வழுக்கிச்சு,” என்றாள்.

“சரி, அடுத்த தடவை மெதுவா சொல்றேன். விழுந்ததுக்கு அப்புறம்.”

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். பெரிய கறுப்புக் குடை. அப்படியும் இமையில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, சிரிக்கலாமா கூடாதா என்று யோசிக்கும் கண்கள்... பார்த்தது போதும் என்று அவளுக்கே தோன்றியது. அவள் கண்தான் கேட்கவில்லை.

வந்த வேலையைப் பார், என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

வந்த வேலை லேசானதில்லை. பாலங்களைச் சோதித்து அறிக்கை தரும் அலுவலகத்தில் அவள் பொறியாளர். நாளைக் காலை, ‘இந்த நடைபாலம் நலம்’ என்று அவள் கையெழுத்தோடு நகராட்சிக்கு அறிக்கை போகிறது. அவள் தனியாகக் கையெழுத்திடும் முதல் அறிக்கை. தலைமைப் பொறியாளர் அவளுடைய பெரியப்பா. ‘பெரியப்பா தயவுல வந்தவ’ என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களின் வாயை இந்த அறிக்கைதான் அடைக்க வேண்டும். ஆனால் மூன்றாம் தூணில் ஒரு விரிசல் இருந்தது, அது வளர்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாம் பச்சையால் வந்த வினை.

அலுவலகத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு டிஜிட்டல் நோட்டு உண்டு. பாலத்துக்கு ஒரு பக்கம். களத்தில் அளப்பவர்கள் செல்போனில் எழுதுவார்கள், அலுவலகத்தில் கணக்குப் போடுகிறவர்கள் கணினியில் எழுதுவார்கள். எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் வந்து சேரும். யார் எழுதியது என்று தெரிய ஆளுக்கொரு நிறம். அவள் ஊதா. ஆற்றங்கரைக் கிளையில் புதிதாகச் சேர்ந்த களப்பொறியாளர் பச்சை. நேரில் பார்த்ததில்லை. ‘மூன்றாம் தூணை மறுபடி அளக்கவும்’ என்று அவள் எழுதியதற்குப் பச்சையிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. மறுபடி எழுதினாள். அதற்கும் இல்லை.

ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். எழுதிக் கேட்டதற்கே வாய் திறக்காதவனிடம் வலியப் போய்ப் பேசுவதா என்ற வீம்பு விடவில்லை. இன்று காலை அந்த வீம்பு முற்றி, ‘பச்சைக்கு வேலையில் அக்கறை இல்லை, நோட்டில் எழுதும் அனுமதியை நீக்க வேண்டும்’ என்று பெரியப்பாவுக்குப் புகாராகப் போனது. மதியத்துக்குள் நீக்கியும் விட்டார். அதன் பிறகுதான் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரும் அளக்காத விரிசலுக்குக் கையெழுத்துப் போடுவதா? குடைகூட எடுக்காமல் கிளம்பி வந்துவிட்டாள்.

என்ன தேடுகிறீர்கள் என்று அவன் கேட்டான். விரிசலை, என்றாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. நீங்களும் பாலத்துக்காரரா என்றான். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்களேன், என்று முணுமுணுத்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து, கண்ணாடிபோல் ஊடே தெரியும் ஒரு அட்டையை எடுத்தான். மெலிதும் தடிப்புமாகக் கோடுகள் போட்ட அட்டை. விரிசலோடு வைத்துப் பார்த்தால் எந்தக் கோட்டின் பருமன் என்று தெரிந்துவிடும். குடையை அவள் கையில் கொடுத்து, அட்டை நனையாமல் பிடிக்கச் சொன்னான். அட்டைக்கும் அவன் தலைக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமென்றால் ஒட்டித்தான் நிற்க வேண்டியிருந்தது... நின்றாள்.

“எங்க ஆபீஸ்ல ஊதான்னு ஒரு மேடம்,” அளந்துகொண்டே பேசினான். “நான் என்ன எழுதினாலும் என் போன்ல மட்டும்தான் இருக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவாங்க. இன்னைக்கு எழுதவே விடாம பண்ணிட்டாங்க. அதான், இதை அளந்து போட்டோ எடுத்து, காலையில அவங்க மேஜையிலேயே கொண்டுபோய் வைக்கப் போறேன்.”

குடை ஆடியது.

“குளிருதா?”

“இல்ல... அந்த மேடம் பார்க்க எப்படி?”

“பார்த்ததில்ல. தடிமனா ஒரு மூக்குக் கண்ணாடி. அதுக்குப் பின்னால எப்பவும் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற மூஞ்சி. அப்படித்தான் இருக்கும்.”

அவள் மழைத்துளியைத் துடைப்பதுபோல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இந்தக் கண்கள் இப்படிப் பார்க்குமா? இன்னும் ஒரே ஒரு நிமிஷம். அதற்கப்புறம் கட்டாயம் சொல்லிவிடலாம்.

“அரை மில்லிமீட்டர்.” அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “போன வாரம் இதுல பாதிதான் இருந்துச்சு. தண்ணி அடிமண்ணை அரிக்குது. வாராவாரம் எழுதியிருக்கேன், பாருங்க.”

நீட்டிய செல்போனைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. போட்டுக்கொண்டாள். அதே பக்கம், அதே தலைப்பு. அளவு அளவாக, படம் படமாக, எல்லாம் பச்சை. தன் செல்போனை எடுத்தாள். அதே பக்கம், அதே தலைப்பு. பச்சையில் ஒரு எழுத்து இல்லை. மூலையில் மட்டும் சின்னதாக ஒரு மஞ்சள் குறி. நாள்கணக்காகப் பார்க்கிறாள். ஏதோ அறிவிப்பு என்று ஒதுக்கிவிடுவாள்.

கீழே டவர் இல்லை. படிகளில் விழுந்தடித்து மேலே ஏறினாள். அவன் ஒன்றும் புரியாமல் பின்னால் வந்தான். மேலே வந்ததும் மஞ்சள் குறியைத் தொட்டாள். ஒளிந்திருந்த பச்சைப் பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. டவர் இல்லாத பாலத்தடியில் அவன் எழுத, அதே வேளையில் அலுவலகத்தில் அவள் எழுத, யார் எழுத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாத நோட்டு அவனுடையதைத் தனிப் பிரதியாக ஒதுக்கி வைத்திருந்தது. யாரும் யாரையும் அழிக்கவில்லை.

பாலத்தின்மேல் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இதை நிறுத்த அவள் ஒரு போன் செய்தால் போதும். செய்தால் இவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஒரு நொடி... ஒரே ஒரு நொடிதான் யோசித்தாள்.

“பெரியப்பா, நான்தான். நாளைக்கு அந்த அறிக்கை போகக் கூடாது. பாலத்தை இப்பவே மூடச் சொல்லுங்க. பச்சை அளந்ததுதான் சரி. நான் குடுத்த புகார்தான் தப்பு.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சிரிக்கலாமா என்று யோசித்த அந்தக் கண்கள் யோசிப்பதை நிறுத்தியிருந்தன.

“புகார் குடுத்தது மேடம்,” என்றான் மெதுவாக. “தீர்ப்பு சொன்னது பெரியப்பா.”

அடுத்த நொடியே, இந்தப் பக்கம் யாரையும் ஏற விடாதீர்கள், அந்தப் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பாலத்தில் இருந்தவர்களை விரட்டிக்கொண்டே ஓடினான். அவன் மூன்றாம் தூணைத் தாண்டும்வரை அவள் மூச்சு விடவில்லை.

இந்த முனையில் அவள். அந்த முனையில் அவன். நடுவே ஆள் இல்லாத பாலம், அதன்மேல் மழை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவள் குடையைக் குறுக்கே நீட்டித் தடுத்துக்கொண்டு நின்றாள். அவனுடைய குடை. அவன் அங்கே தொப்பலாக நனைந்துகொண்டிருந்தான்.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் செல்போனை எடுத்தாள். பெரியப்பா அவன் அனுமதியைத் திரும்பக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தின் உச்சியில், அலுவலகமே படிக்கிற இடத்தில், எழுதினாள்.

‘மூன்றாம் தூணைச் சரியாக அளந்தவர் பச்சை. மஞ்சள் குறியைத் திறந்து பார்க்காதது என் தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’

முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கு நாளைக்கு நல்ல தீனி. பேசட்டும். அவன் படித்தானா? பக்கத்தின் ஓரத்தில், அவன் எழுத வந்ததன் அடையாளமாக, ஒரு பச்சைக் கோடு வந்து துடித்தது. எழுத்து வரவில்லை. துடித்தது... மறைந்தது... திரும்ப வந்தது.

‘குடை உங்ககிட்ட இருக்கு.’

‘கொண்டு வரவா?’

‘பாலம் மூடியிருக்கு மேடம்.’

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோபமா என்று கேட்டாள். பச்சை வெகுநேரம் துடித்தது.

‘கோபம் ஊதா மேல. குடை பிடிச்ச பொண்ணு மேல இல்ல. ரெண்டும் ஒரே ஆள்னு மனசு இன்னும் ஒத்துக்க மாட்டேங்குது.’

‘அந்தப் பொண்ணு’ என்று அவள் ஆரம்பித்தாள். அழித்தாள். அதற்குள் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு தலைகாட்டியது. பெரியப்பா.

‘நகராட்சி வண்டி வந்துகொண்டிருக்கிறது. இது பாலத்துக்கான பக்கம். மற்றதை வெளியே பேசிக்கொள்ளவும்.’

வண்டி வந்தது. தடுப்புகளைப் போட்டார்கள். பொறுப்பை அவர்களிடம் விட்டுவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த பேருந்துப் பாலத்தை நோக்கி நடந்தாள். குடையைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டாள். பாலத்தின் பாதியில், எதிரே, ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே அவன் வந்தான்.

அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினாள். குடையை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

“எழுத ஆரம்பிச்சு அழிச்சீங்களே... ‘அந்தப் பொண்ணு’. அதுக்கப்புறம் என்ன?”

பக்கத்தில் ஒரு பேருந்து சேற்றை வாரி அடித்துப் போயிற்று. இருவரும் நகரவில்லை. நூறு பாலத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் இத்தனை பயம் வந்திருக்காது.

“நோட்டுல எழுதினா எங்கயாவது தனியா ஒதுங்கிடும்,” என்றாள். “அதான் நேர்ல சொல்றேன். அந்தப் பொண்ணுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஊதாவுக்கும்தான்.”

அவன் குடைக்குள் வந்தான்.

“ஊதா மேல கோபம் ஆற இன்னும் கொஞ்ச நாள் ஆகும்,” என்றான். “ஆனா, இவ்வளவு நாளா யாருன்னே தெரியாத ஒருத்தங்களுக்காகத்தான் வாராவாரம் அவ்வளவு பார்த்துப் பார்த்து அளந்திருக்கேன். அவங்களை எனக்கும் பிடிச்சுதான் இருந்திருக்கு. இன்னைக்குத்தான் தெரியுது.”

அவள் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தாலும் கண்ணாடி இல்லாமல் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

“கண்ணாடியைப் போட்டுக்கோங்க,” என்றான் அவன். “அதோடயே நல்லாத்தான் இருக்கீங்க.”

போட்டுக்கொண்டாள். அவன் சிரிப்பது தெளிவாகத் தெரிந்தது.