மூச்சு விடாத பொம்மை

பெனிஷாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெளியே இருக்கும்போது அவள் செய்த கடலில் மூழ்குகிறவர் பொம்மை ஒழுங்காகத்தான் இருந்தது. அதன் மார்பில் கட்டிய சின்னப் பிளாஸ்டிக் பைதான் நுரையீரல். அது நன்றாக உப்பியிருந்தது. பையிலிருந்து ஒரு டியூப், தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி மேலே போனது. ஆனால் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கியதும் பை அப்பளம் போல ஒட்டிக்கொண்டது.

"டியூப் அடைச்சிருக்கா, லே?" என்று கேட்டாள்.

"இல்லளா, இப்பத்தான் ஊதிப் பாத்தேன்," என்றான் எதிர்வீட்டு ஷாம்.

நாளைக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பெனிஷாவின் அப்பா ஜேசுபாதம் சங்கு குளிக்கிறவர். மகளின் பொம்மையைப் பார்ப்பதற்காகவே நாளை கடலுக்குப் போகவில்லை.

"அப்பா வந்து பாக்கும்போது இவன் செத்துக் கிடந்தா நல்லாவா இருக்கும்?"

அப்பாவுக்கும் படகிலிருந்து டியூப் வழியாகத்தானே காற்று போகிறது? பிறகு இது மட்டும் ஏன் இப்படி?

ஷாம் இன்னொரு பையைக் கையில் மாட்டி, தண்ணீருக்குள் விட்டான். "ஏளா! பை என் கையப் போட்டு அமுக்குது!"

"பை இல்லலே, தண்ணி அமுக்குது. அதுதான் நம்ம ஆளோட நெஞ்சையும் அமுக்குது. டியூப்ல இருக்கது சும்மா காத்து. அது எப்படி எதுத்து நிக்கும்?"

"அப்போ உங்க அப்பாவுக்கு?"

பெனிஷாவுக்குப் படகில் காற்றை அமுக்கி அனுப்பும் இயந்திரத்தின் இரைச்சல் நினைவுக்கு வந்தது. "கம்ப்ரஸர்! அதை மறந்துட்டோமே!"

டியூபின் மேல்முனையில் சைக்கிள் பம்பைச் செருகினார்கள். ஷாம் அடித்தான். பை உப்பியது... உப்பிக்கொண்டே போனது... டப்! அவன் முகமெல்லாம் தண்ணீர்.

"இப்போ வெடிச்சே போயிட்டான்," என்றான் ஷாம் பாவமாக.

காற்று இல்லாவிட்டாலும் வம்பு, இருந்தாலும் வம்பு! தண்ணீருக்குள் மூச்சு விட அப்பா வாயில் கடித்துக்கொள்ளும் வாய்க்கருவி ஆணியில் தொங்கியது; பெனிஷா அதை எடுத்தாள். முன்மூடியின் இடுக்கு வழியே வட்டமான ரப்பர் தகடு தெரிந்தது. வாயில் வைத்து மூச்சை இழுத்தாள். தகடு உள்ளே குழிந்தது. உள்ளே ஒரு நெம்புகோல் 'டிக்' என்றது. விட்டதும் தகடு பழையபடி நிமிர்ந்தது.

"ஏலே, மூச்சை இழுத்தா மட்டும்தான் காத்துக்குக் கதவு திறக்குது!"

புதுப் பை கட்டினார்கள். மூச்சு வெளியே போக அதில் ஓர் ஊசித்துளை.

மறுநாள் கண்காட்சியில் ஷாம் பம்பை அடிக்க, பெனிஷா டியூபை விரலால் நசுக்கிப் பிடித்திருந்தாள். பை சுருங்கும்போது மட்டும் கொஞ்சம் விட்டாள். பை உப்பியது. குமிழி விட்டது. மறுபடி உப்பியது.

அப்பா குனிந்து பார்த்தார். "விரலு எதுக்கும்மா?"

"இதுதான்பா வாய்க்கருவி. முதுகுல சிலிண்டரைக் கட்டிட்டுப் போறவங்களுக்கும் இதேதான். காத்தை அமுக்கி அடைச்சு வைக்கணும். மூச்சு இழுக்கும்போது மட்டும் திறக்கணும். தண்ணி எவ்வளவு அமுக்குதோ, அவ்வளவுக்குத்தான் விடணும்."