ஒன்பதாவது வண்டி

ஓடியது எட்டு வண்டிதான். பந்தயம் முடிந்து திரையில் வந்த பட்டியலில் ஒன்பது வரி இருந்தது.

முயல், நரி, பன்றி, ஆடு, கரடி, குரங்கு, பெங்குவின், ஆமை. ஆமைதான் எப்போதும் கடைசி. பிள்ளைகள் சிரிக்கவேண்டும் என்றே அதை அப்படிச் செய்திருந்தார்கள். அந்த ஆமைக்கும் கீழே இன்னொரு வரி. படம் வரவேண்டிய வட்டம் காலி, பெயர் வரவேண்டிய இடம் காலி. அதற்கு நேரே மட்டும் “இன்னும் வந்து சேரவில்லை” என்று இருந்தது.

தரைக்காரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். விலங்குகள் குட்டி வண்டிகளில் பந்தயம் ஓட்டும் அந்த விளையாட்டில் சாலை, புல், மணல், பனி என்று எல்லாத் தரையும் அவள் போட்டது. பிற்பகல் மணி மூன்று. மறுநாள் காலை விளையாட்டு வெளியாகிறது என்று மொத்தக் கூட்டமும் பெரிய கூடத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. அவள் போகவில்லை. கேப்டன் என்று எல்லாரும் கூப்பிடும் முதலாளி கையால் கேக் வாங்கித் தின்பதற்குப் பட்டினியே கிடக்கலாம்.

விளையாட்டை ஆடி முடித்ததும் திரையில் ஓடும், அதைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை அன்று காலையில்தான் அவள் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு பெயர். காபி இயந்திரத்தைப் பழுதுபார்க்க வருகிறவர் பெயர் இருந்தது. கேப்டன் வீட்டு நாய்க்குட்டியின் பெயர்கூட இருந்தது. தம்பியின் பெயர் இல்லை. மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள், இல்லை.

அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அதே அலுவலகத்தில் ஒலிப்பதிவு பார்த்தவன். முதலில் இருந்த ஒன்பதாவது விலங்கான நீர்நாய்க்குக் குரல் கொடுத்ததும் அவன்தான். அதன் வண்டிச் சத்தத்தைக்கூட வாயாலேயே செய்தான், கன்னத்தை உப்பி, உதட்டை அதிரவிட்டு, நடுவில் ஒரு இருமலோடு. இருமல் நடிப்பில்லை. பத்தொன்பது நாள் வீட்டுக்கே போகாமல் வேலை பார்த்த உடம்பின் இருமல். இருபதாம் நாள் ஒலிப்பதிவு அறையிலேயே, காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே விழுந்து செத்துப்போனான். அது நடந்து பதினோரு மாதம்.

செத்த மூன்றாம் நாள் கேப்டன் அவள் வீட்டுக்கு வந்து முதலைக் கண்ணீர் வடித்துவிட்டு ஒரு தாளை நீட்டினான். தம்பி தினமும் மாலை ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அதில் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போட்டுடும்மா. பட்டியல்ல அவன் பேருதான் முதல் பேரா வரும். அதுக்கு நான் பொறுப்பு.”

போட்டாள். அந்த ஒரு பெயருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் கேப்டன்மேல் எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவு தன் கைமேலும் வந்தது.

அடுத்த வாரமே நீர்நாயை எடுத்துவிடச் சொன்னான். அந்த வேலையையும் அவள் தலையிலேயே கட்டினான்.

அவர்கள் தொழிலில் எதையும் அப்படி லேசில் அழித்துவிட மாட்டார்கள். ஒன்றை அழித்தால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பத்து விஷயம் சரிந்துவிடும். அதனால் வேண்டாததைத் தரைக்கு அடியில் போட்டுவிடுவார்கள், ஆடுகிறவன் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில். அவளும் அப்படித்தான் செய்தாள். பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டு, நீர்நாயை வண்டியோடு இரண்டாயிரம் மீட்டர் கீழே இருட்டில் வைத்தாள். அதை ஓட்டும் மூளையை மட்டும் அணைக்கவில்லை. மறதியா, மனசு வரவில்லையா, அவளுக்கே தெரியாது. அந்த மூளைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கே விட்டாலும் வந்து சேரவேண்டும்.

சோதனைக்கான கட்டத்தைத் திறந்து ஒவ்வொரு வண்டியும் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தாள். எட்டு வண்டிக்கும் பூஜ்யம். ஒன்பதாவதற்குத் தரைக்குக் கீழே நாற்பத்தொன்று.

இரண்டாயிரம் இல்லை. நாற்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது ஆனது.

பதினோரு மாதமாக ஏறிக்கொண்டிருக்கிறது. பிடித்து ஏற அங்கே சாலை இல்லை, சுவர் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தும் முப்பத்தெட்டு.

எந்த இடத்துக்கு நேர் கீழே என்று தேடினாள். பந்தயத் தடம் எதுவும் இல்லை. சாகசப் பயணம் என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஆடுகிறவர்கள் ஒரு தீவு முழுக்கத் திரிந்து, பூட்டிய வாசல்களை ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். வண்டிகளைச் சரிபார்க்க அங்கே ஒரு பட்டறை இருந்தது. அந்தப் பட்டறையை அவளும் தம்பியும் விளையாட்டுக்காக இந்த அலுவலகம் மாதிரியே செய்திருந்தார்கள். அதே நீலக் கம்பள விரிப்புச் சதுரங்கள். ஒரு கால் குட்டையான அவளுடைய மேசை, அதற்கு அடியில் அவள் மடித்துச் செருகிய அட்டை. ஒன்பதாவது வண்டி வந்துகொண்டிருந்தது அந்த மேசைக்கு நேர் கீழே.

சத்தம் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. கூடத்துச் சிரிப்புக்கும் குளிர்சாதனத்தின் முனகலுக்கும் அடியில், எங்கோ ஆழத்தில், உப்பிய கன்னமும் அதிரும் உதடுமாக ஒரு சத்தம் நீளமாக வந்து, ஒரு இருமலில் தடுக்கி, மறுபடி தொடர்ந்தது. கூடவே தலைவலிக்கு அவன் நெற்றியில் பூசிக்கொள்ளும் தைலத்தின் வாசனையும், சூடேறிய ரப்பரின் நாற்றமும். ஹெட்போனைக் கழற்றக் காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். அது மேசைமேல் கிடந்தது. அவள் மாட்டியே இருக்கவில்லை.

பதினேழு.

ஒன்பதாவது வண்டியின் பார்வைக்குத் திரையை மாற்றினாள். அவள் போடும் தரை மேலிருந்து பார்த்தால்தான் தரை. கீழிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி எல்லாம் தெரியும். தலைக்குமேல் பட்டறை தெரிந்தது. மேசையின் நான்கு கால், மடித்த அட்டை, நாற்காலியின் ஐந்து சக்கரம்.

இரண்டு வெறும் பாதங்கள்.

பட்டறையில் அவள் மனிதர் யாரையும் வைத்ததில்லை. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் ஊன்றியிருந்த தன் காலைக் குனிந்து பார்த்தாள். வலது பெருவிரலை மெல்ல அசைத்தாள். திரையிலும் அது அசைந்தது.

“எல்லாரும் அங்க இருக்காங்க. நீ என்ன இங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க?”

கேப்டன். கையில் கேக்குத் தட்டு, வாயோரத்தில் கிரீம். அவன் வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். திரையில் அந்தப் பாதங்களுக்கு அருகே ஒரு ஜோடி பழுப்புச் சப்பாத்தின் அடிப்பாகம் வந்து நின்றது.

“தம்பி பேரு எங்க சார்?”

“அதுவா…” தட்டை மேசைமேல் வைக்க இடம் தேடினான். “வக்கீல் வேண்டாம்னுட்டாரும்மா. பேரு போட்டா எப்படி செத்தான்னு கேப்பாங்க, அப்புறம் நீ போட்ட கையெழுத்தும் வெளிய வரும். உன் நல்லதுக்குத்தான்.”

“பொறுப்புன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? போன உசுரு வரவா போகுது?”

ஒன்பது.

என் காதில் பூச்சுற்றினாயே, அவன் பிணத்தைக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினாயே, பாவி. தொண்டைவரை வந்தது. சத்தம் இப்போது உள்ளங்காலில் தெரிந்தது. இருமல், அதிர்வு, இருமல்.

“என்ன வாடை அது?” என்றான் கேப்டன். “தைலமா?”

ஐந்து.

தள்ளி நில்லுங்கள் என்று சொல்லலாம். இரண்டே வார்த்தை.

மூன்று.

அவள் சொல்லவில்லை. மெதுவாக, சத்தம் வராமல், இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டாள். திரையில் பாதங்கள் மறைந்தன. சப்பாத்து மட்டும்.

ஒன்று.

“இதோ வந்துட்டேன்,” என்றது தம்பியின் குரல், பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் அந்தக் கீச்சுக் குரலில்.

தட்டு விழுந்தது. கேப்டன் கத்தவில்லை. கத்த நேரம் இல்லை. கூடத்தில் யாரோ எதற்கோ கைதட்டினார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது நீலச் சதுரங்கள் வரிசை கலையாமல் கிடந்தன. நடுவில் குப்புற விழுந்த கேக். இரண்டு சதுரம் சேரும் இடுக்கில் ஒரு பழுப்புக் கயிறு, சப்பாத்துக் கயிறு, விரலளவு நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போயிற்று.

திரையில் பட்டியல் வந்திருந்தது. முதல் இடத்தில் தம்பியின் பெயர், முழுப்பெயர், பெரிய எழுத்தில். கீழே முயல், நரி, எல்லாம் வரிசையாக. ஆமைக்கும் கீழே ஒரு வரி. அதில் இருந்தது அச்செழுத்தில்லை. ஒரு கையெழுத்து. அந்தத் தாளில் அவள் போட்டது, கடைசியில் இழுத்த அந்தக் கோடு உட்பட.

அதற்கு நேரே, “இன்னும் வந்து சேரவில்லை.”

“டேய்,” என்றாள். “உன் பேருக்காகத்தாண்டா போட்டேன்.”

இருமல். நாற்காலிக்கு நேர் அடியில்.

காலை இறக்கவில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்தாள். நீலக் கம்பளம், வேறொன்றும் இல்லை. கடைக்கண்ணில் திரை தெரிந்தது. பட்டியல் போய், மறுபடி கீழிருந்து பார்க்கும் பார்வை. ஐந்து சக்கரம். நாற்காலி விளிம்புக்கு வெளியே, குனிந்து பார்க்கும் ஒரு பெண்ணின் முகம்.

அந்த முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.