வளராத கை

தோல் பொய் சொல்லாது. தோலுக்கு உரியவர்கள்தான் சொல்வார்கள். இருபத்தாறு ஆண்டுகளாகத் தழும்புகளைப் படித்துவந்த டாக்டர் கேசவன் இப்படி முழங்கியபடிதான், மாமல்லபுரத்தை ஒட்டிய அந்தப் பழைய மருந்தகத்தில் ஊனச் சான்றிதழ் முகாமுக்கு வந்து இறங்கினார். இறங்கியதும் சமோசா வந்துவிட்டதா என்று கேட்டார்.

முதலில் வந்தவள் விஜயகுமாரி. ஊனம் நாற்பது சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குப் பள்ளிக்கூட வேலை. இன்று கடைசி நாள்.

நர்ஸ் தமிழ்ச்செல்வி திரையை இழுத்துவிட்டார். ஐந்து வயதில் வெந்த முதுகு. தோல் சுருங்கி இழுத்ததில் இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. அதற்கும் கீழே, இடுப்பில், ஐந்து விரலும் பதிந்த ஒரு குட்டிக் கைத் தழும்பு.

கேசவன் அளவுகோலை வைத்தார். சந்தேகம் அவருக்குக் காபி மாதிரி, வேளாவேளைக்கு வேண்டும்.

“சின்ன வயசுத் தழும்பு உடம்போட சேர்ந்து வளரும்மா. இது வளரலையே? சர்டிபிகேட்டுக்காக யார்கிட்ட சூடு போட்டுக்கிட்ட?”

“அது என் தங்கச்சி கவியா கை சார். ஸ்டவ் வெடிச்சப்போ என்னைப் புடிச்சிகினா. மூணு வயசோட பூட்டா. அப்பாலிக்கா கை எப்டி சார் வளரும்?”

“கதை நல்லாருக்கு. முப்பத்தெட்டுதான் போடுவேன்.”

“வாணா சார். அவளுக்குக் கோவம் வருது.”

மின்விசிறி நின்றது.

மண்ணெண்ணெய் வாடை.

கேசவன் தழும்பை அழுத்திப் பார்த்தார். சுட்டது. விரிந்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

“சார்…” தமிழ்ச்செல்வி கிசுகிசுத்தார். “கை எங்க சார்?”

இடுப்பில் வெறும் தோல்.

கேசவனுக்குப் பின்னால், சிமென்ட் தரையில், சின்னப் பாதங்கள் ஓடி வந்தன.

டாக்டர் அலறிய அலறலில் வரிசை கலைந்தது. நாற்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விஜயகுமாரி தாளை வாங்கிக்கொண்டு, “வா பாப்பா, போலாம்” என்றாள். அவள் பின்னால் யாரும் போன மாதிரி தெரியவில்லை.

அன்றிரவு கேசவன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் ஆராய்ந்தார். ஆழமான தீக்காயம். ஓரம் வெளுத்து, நன்றாக ஆறியது. குறைந்தது இருபது வருடப் பழசு என்றது அவருடைய அனுபவம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் மடங்கி நிமிர்ந்தது.

மனைவி சங்கரி கதவைத் திறந்துவிட்டாள். “பழசு, இருபது வருஷத் தழும்பு” என்று உளறினார்.

“இருபது வருஷத் தழும்பா? நான் ஒரு நாளும் பாக்கலையே. யார் கைங்க அது?”

தழும்பு இடது புட்டத்தில் இருந்தது.