அண்ணன் தலைக்குள் ஒரு பலூன்

"ணங்...!"

ஸ்பானர் இறங்கியது.

லேத் பட்டறையின் எண்ணெய்த் தரையில் அண்ணன் குப்புற விழுந்தார். பின்மண்டையிலிருந்து கிளம்பிய ரத்தம், இரும்புச் சுருள்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டு ஓடியது.

"தம்பி... நீயாடா...?"

"நானேதாண்ணா! நேத்து நாலு பேர் முன்னாடி அறைஞ்சியே... அந்தக் கன்னம் அனுப்பி வச்சுது!"

இன்னொரு அடி தேவைப்படவில்லை.

தம்பிக்குப் பயம்...? மருந்துக்கும் இல்லை! போன மாதம் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அண்ணனிடம் சொன்னபோது அவனும்தானே கூட இருந்தான்?

'மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஓரிடத்துல மெலிஞ்சு, பலூன் மாதிரி புடைச்சிருக்கு. வெடிக்காமலே பல பேர் காலத்தைத் தள்ளிடறாங்க. ஆனா வெடிச்சா உயிருக்கே ஆபத்து. சிகரெட்டை விடுங்க. பிரஷரை ஏற விடாதீங்க.'

குழாய் சமாச்சாரம் இவனுக்குத் தெரியாததா? ஒரு தட்டுத் தட்டினால் மெலிந்த இடத்தில்தான் முதலில் பிளக்கும். பட்டறைப் பாடம்! பலூன் இந்நேரம் வெடித்திருக்கும். அறுத்துப் பார்க்கிறவர்கள் வியாதி என்பார்கள். கதை முடிந்தது!

காலைப் பிடித்து இழுத்து, பரண் ஏணிக்கடியில் அண்ணனைப் போட்டான். ஸ்பானரைத் துடைத்தான்.

அப்புறம்தான் அலறினான்.

"ஐயோ... அண்ணா!"

மறுநாள். போலீஸ் ஸ்டேஷன்.

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டாரா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆமா சார். தலைக்குள்ள பலூன் சார்... வெடிச்சிருச்சு. இதோ, டாக்டரம்மாவே இருக்காங்க, கேளுங்க."

"கேட்டாச்சு. அறுத்தும் பார்த்தாச்சு. உங்க அண்ணன் பலூன், திருவிழாவுக்குப் போகாத குழந்தை மாதிரி பத்திரமா இருக்கு!"

"சா...ர்?"

டாக்டரம்மா பேசினாள். "அது மூளைக்கு அடியில, ஆழத்துல இருக்குப்பா. தட்டினதும் பிளக்க அது இரும்புக் குழாய் இல்ல. உன் அடிக்கு உடைஞ்சது மண்டையோடுதான். உயிரை எடுத்ததும் அதுதான்."

"அதுல ஸ்பானர் வாய் அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏணியா உங்க வீட்டுல நட்டு முடுக்குது?"

நரம்புகள் புடைத்தன. மேஜையைப் புரட்டிப் போட்டு, இன்ஸ்பெக்டரின் குரல்வளையை இரண்டு கையாலும் நெரித்தான் தம்பி!

"என்னை அவமானப்படுத்தினவன் எவனும் உயிரோட இருக்கக்கூடாதுடா!"

கான்ஸ்டபிள்கள் பாய்ந்தார்கள். லத்திகள் முட்டியில் இறங்கின. அப்போதும் பிடியை விடவில்லை. கழுத்தை இன்னும் இறுக்கினான்... இன்னும்...

சட்டென்று கை தளர்ந்தது.

"தலை... ஐயோ... இடி விழுந்த மாதிரி...!" வாந்தி எடுத்துச் சரிந்தான்.

"எழுந்திருடா!" இன்ஸ்பெக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டே இருமினார். "செத்தவர் வியாதியைக் கடன் வாங்கி நடிக்கிறியா?"

டாக்டரம்மா அதற்குள் மண்டியிட்டிருந்தாள். "நடிப்பில்ல சார்! இடது இமை தொங்குது, கண்பாப்பா விரிஞ்சு கிடக்கு. இதை எவனாலயும் நடிக்க முடியாது. கூடப்பிறந்தவங்களுக்கும் இது இருக்கலாம்... இவனுக்கு நிஜமாவே வெடிச்சிருக்கு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க... ஒவ்வொரு நிமிஷமும் உயிர் சார்!"

"கொலைகாரனுக்கா இவ்வளவு அவசரம்?"

"எனக்கு அவன் பேஷண்ட்!"

ஆஸ்பத்திரியில் தம்பி கண் விழித்தபோது தலையில் பாரம். தொடையில் கட்டு. கையில் விலங்கு... மறுமுனை கட்டில் கம்பியில்.

"தொடை வழியா மெல்லிசுக் குழாயை விட்டு, புடைப்புக்குள்ள கம்பிச்சுருளை வச்சு அடைச்சாச்சு," என்றாள் டாக்டரம்மா. "பிழைச்சுட்டே."

அவன் தேம்பினான். "தெய்வம்மா நீங்க...! அப்போ எனக்கு இனிமே ஆபத்தே இல்லையாம்மா?"

டாக்டரம்மா இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் பத்து விரல் தடத்தோடு இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"தலைக்கு இல்ல தம்பி. தலை டாக்டரம்மா டிபார்ட்மென்ட்... கழுத்துதான் எங்க டிபார்ட்மென்ட்!"